நாயின் முகத்தைப் பார்க்காதீர்கள், மாத்திரை அட்டையைப் பாருங்கள்

குமரி மாவட்டம் கருங்கல் அருகே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் மாமனார், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 14 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய். அதை இங்கே ஜிம்மி என்று வைத்துக்கொள்வோம். மாமனாருக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஆறரை மணி இருக்கும், அவர் மருந்துக் கடையிலிருந்து வாங்கிவந்த காகித உறையைத் திண்ணை நாற்காலியில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். அந்த இடைவெளியில் ஜிம்மி உறையைக் கவ்விக்கொண்டு போய் வாழை மூட்டில் போட்டுக் குதறிவிட்டது. பத்து இருந்த வலி மாத்திரை அட்டையில் நான்குதான் மிச்சம். சர்க்கரை மாத்திரை அட்டையில் மூன்று குழிகள் காலி.

பக்கத்து வீட்டார் சொன்னபடி உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் வாந்தி வந்தது, அதில் மாத்திரையின் இரண்டு அரைத்துண்டுகள் கிடந்தன. மாமியார் தேங்காய்ப்பால் கொடுத்தார். மருந்துக் கடைக்கு போன் செய்தபோது, "ஒன்றும் ஆகாது, வாந்தி நிற்க ஒரு மாத்திரை தருகிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. அதையும் கொடுத்தார்கள். ஜிம்மி வாலாட்டியது, மீன் தலையைத் தின்றது, எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். இரவு ஒரு மணிக்கு நாய் தள்ளாடிச் சுவரில் முட்டி விழுந்து, கைகால் வெட்டி இழுத்தது. விடிந்ததும் ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து நின்றது. ஆனால் மூன்றாம் நாள் தார்போலக் கறுத்த மலம் போய், சாப்பாட்டை மறுத்துவிட்டது. மறுபடியும் சிகிச்சை. இரண்டு வாரம் ஆன பிறகும் பாதி வயிறுதான் சாப்பிடுகிறதாம்.

அவர் கேட்பவை நான்கு. அன்று இரவே கிளம்பாததும் உப்புத் தண்ணீர் கொடுத்ததும்தான் இவ்வளவுக்கும் காரணமா? மருந்துக் கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா? குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலை நாய்க்குக் காய்ச்சல் வந்தால் பாதி கொடுக்கலாம் என்று மாமியார் சொல்வது சரியா? நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்று கணவர் சொல்கிறார், என்ன செய்வது?

சகோதரி, ஜிம்மி பிழைத்ததற்குக் காரணம் நீங்கள் விடிந்ததும் தாமதிக்காமல் ஓடியதுதான். முதலில் அதை மனதில் வையுங்கள். உப்பும் தேங்காய்ப்பாலும் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியம். தெரிந்ததைச் செய்தீர்கள். அதற்காக உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வைத்தியம் தவறானது என்பதை நான் மழுப்பாமல் சொல்லியாக வேண்டும்.

அன்று இரவு உண்மையில் நடந்தது என்ன? நீங்கள் அனுப்பியிருந்த படத்தில், வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்திருக்கின்றன. சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் இருக்கின்றன. ஆகவே ஜிம்மியின் உடம்புக்குள் போனவை முக்கியமாக மூன்று நஞ்சுகள். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வேலையைக் காட்டும். கிளிமிபிரைடு இரத்தத்தில் சர்க்கரையை மணிக்கணக்கில் இறக்கிக்கொண்டே போகும். நள்ளிரவுத் தள்ளாட்டமும் இழுப்பும் அதனால் வந்தவை, குளுக்கோஸ் ஏறியதும் அது எழுந்ததே அதற்குச் சான்று. அசிக்ளோஃபெனாக் வயிற்றின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். மூன்றாம் நாள் பார்த்த கறுத்த மலம், வயிற்றுப் புண்ணிலிருந்து கசிந்து செரித்த இரத்தம். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும், அது வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஆறு வலி மாத்திரைகளில் வாந்தியில் வந்த இரண்டு அரைத்துண்டுகளைக் கழித்தால் ஐந்து. ஐந்தில் பாராசிட்டமால் 1,625 மில்லிகிராம். அதை 14 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 116. நாய்க்குக் கிலோவுக்கு 100ஐ நெருங்கினாலே கால்நடை மருத்துவர்களாகிய நாங்கள் கல்லீரலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவோம். அசிக்ளோஃபெனாக் கிலோவுக்கு 35 மில்லிகிராமுக்கு மேல் போயிருக்கிறது. மாலை ஏழு மணிக்கு, ஜிம்மி வாலாட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே, இந்தக் கணக்கு "உடனே கிளம்பு" என்று சொல்லியிருக்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் நாயின் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்திருக்க வேண்டியது மாத்திரை அட்டையை. நாய் நன்றாக இருக்கும் அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மாத்திரை இரைப்பையில் இருக்கும்போதே வெளியே கொண்டுவரலாம், எஞ்சியதை மருத்துவக் கரி கொடுத்துக் குடலிலேயே பிடித்துவைக்கலாம். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்தே இருக்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு வருகிறவர்களுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அது நஞ்சு செய்துமுடித்ததைச் சரிசெய்யும் சிகிச்சை. கடினமானது, செலவும் கூடுதல்.

மாத்திரையை விழுங்கியது தெரிந்தவுடன்

முதலில் நாயை அந்த இடத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கிழிந்த அட்டை, உறை, சிதறிய துண்டு, பில் எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். பில்லில் மருந்தின் பெயரும் எத்தனை வாங்கினீர்கள் என்பதும் இருக்கும். அட்டையில் மில்லிகிராம் இருக்கும். இரண்டு நாய்கள் இருந்தால், காணாமற்போன எல்லாவற்றையும் ஒவ்வொன்றும் தனியாகத் தின்றதாகவே கணக்கிடுங்கள். எத்தனை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கூடுதலாகவே சொல்லுங்கள்.

பிறகு போன். மருத்துவர் கேட்கப்போவது ஐந்து விவரங்கள்: நாயின் எடை, மருந்தின் பெயர், மில்லிகிராம், எண்ணிக்கை, விழுங்கிய நேரம். இந்த ஐந்தும் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் அவர் முடிவு சொல்லிவிடுவார். சில மாத்திரைகளுக்கு "வீட்டிலேயே கவனியுங்கள்" என்ற பதிலும் வரக்கூடும். அதை அவர் சொல்லட்டும்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாந்தி வராமல் அந்த உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி, அதனாலேயே வலிப்பு வந்து நாய் செத்தும் போகலாம். ஜிம்மிக்கு அந்த ஆபத்து நேராமல் தப்பியது நல்ல காலம். தொண்டைக்குள் விரலை விடுவதும் கூடாது. பயந்த நாய் கடிக்கும். வளர்ப்பு நாய்தானே என்று கடியை விட்டுவிடவும் கூடாது: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் ஊசி பற்றிக் கேளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். அது 3 சதவீதக் கரைசலாக, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் போனில் சொன்னால் மட்டுமே. நம் கடைகளில் அதைவிடச் செறிவானதும் விற்கிறது. அது இரைப்பையையே புண்ணாக்கிவிடும். மயங்கிக் கிடக்கிற, தள்ளாடுகிற, இழுப்பு வந்த நாய்க்கு எந்த வழியிலும் வாந்தி வரவைக்கக் கூடாது. வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். நாயின் வாயைத் திறந்து தேங்காய் எண்ணெயோ பாலோ ஊற்றுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

தேங்காய்ப்பால், முட்டை வெள்ளைக்கரு, மோர் எதுவும் இந்த மாத்திரைகளை முறிக்காது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு ஏற்கெனவே கெட்ட வயிற்றுக்கும் கணையத்துக்கும் இன்னொரு சுமை. சிரட்டைக் கரியை இடித்துக் கொடுக்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவக் கரியைச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது தனிப் பக்குவத்தில் கோடிக்கணக்கான நுண்துளைகள் உண்டாக்கப்பட்ட பொருள். அடுப்பில் எரிந்த கரி அந்த வேலையைச் செய்யாது.

வீட்டில் நீங்கள் துணிந்து செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சர்க்கரை மாத்திரை தின்ற நாய் சோர்ந்து தள்ளாடினால், விரலில் தேனைத் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவுங்கள். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு உங்கள் பக்கம் குறைவுதானே. குளுக்கோஸ் பொடியைக் குழைத்தும் தடவலாம். ஊற்றாதீர்கள், தடவுங்கள். இழுப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரல் போகக் கூடாது. தேன் தடவியதும் எழுந்துவிட்டது என்று திரும்பிப் படுத்துவிடவும் கூடாது. மருந்து உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்யும் உதவி அது.

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்

வலி மாத்திரைகள் முதல் வரிசை: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் பாறு கழுகுகளை அழித்ததால் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். அசிக்ளோஃபெனாக்கும் உடம்பில் டைக்ளோஃபெனாக்காக மாறுவது தெரிந்து 2023இல் அதற்கும் தடை வந்தது. நாய் நொண்டுகிறது, மாமனாரின் மாத்திரையில் பாதி கொடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் அம்லோடிபின், அட்டெனோலால் போன்றவை இதயத் துடிப்பையோ இரத்த அழுத்தத்தையோ ஒரேயடியாக இறக்கிவிடும். மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். காசநோய் மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் அடக்கமுடியாத வலிப்பை உண்டாக்கும். அதற்கு முறிமருந்து வைட்டமின் பி6 ஊசி, ஆகவே மருத்துவரிடம் காசநோய் மாத்திரை என்பதைத் தயக்கமில்லாமல் சொல்லுங்கள். நோயை மறைக்க நினைத்து மருந்தின் பெயரை மறைத்தால் நாய் போய்விடும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் சத்துதானே என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்துமா இன்ஹேலரை நாய் கடித்துத் துளைத்தால் இதயம் தாறுமாறாக அடிக்கும்.

யாருமே பயப்படாத ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். வாரம் ஒன்று போடச் சொல்லித் தரும் வைட்டமின் டி உருண்டை, 60,000 யூனிட். 14 கிலோ நாய்க்கு அந்த ஒன்றே கவலைக்குரிய எல்லையைத் தொட்டுவிடும். நான்கும் அடங்கிய அட்டையைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அன்று ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடத் தொடங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் வாந்தி, பேதியோடு போகும். தைராய்டு மாத்திரையையும் நாய் ஓரளவு தாங்கும். ஆனாலும் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இனி மாமியாரின் கேள்வி. குழந்தைக்குக் கொடுப்பது நாய்க்கும் ஆகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் நாயின் கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் விதம் வேறு. தேவையான அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறுகலானது. ஜிம்மியின் கல்லீரலோ இப்போதுதான் அடிபட்டு எழுந்திருக்கிறது. வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள், அரையும் வேண்டாம், காலும் வேண்டாம். நம் பக்கம் நாய்க்குக் காய்ச்சல் என்றால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அதற்கு இரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும். பூனை வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், குறிப்பாகக் குளச்சல், முட்டம் பக்கம் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்திருப்பவர்களுக்கு: பூனைக்குப் பாராசிட்டமால் சிறு துண்டும் நஞ்சு. இரத்தத்தால் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும்.

மருந்துக் கடைக்காரர் மீது புகார்

உங்கள் கோபம் நியாயமானது. வாந்தி வெளியே வர வேண்டிய நேரத்தில் வாந்தியை நிறுத்தும் மாத்திரையைத் தந்தது தவறு. இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம் 1984, பிரிவு 30இன்படி விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் உரிமை பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்குத்தான். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் போனில் சொன்ன பேச்சுக்கும், பில் இல்லாமல் தந்த ஒரு மாத்திரைக்கும் சான்று என்ன? ஜிம்மியின் பாதிப்பு அந்த மாத்திரையால் வந்தது என்று காட்டுவதும் கடினம், பெரும் கேடு அதற்கு முன்பே உள்ளே போயிருந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைக்கு நேரில் போய், நடந்ததை முழுவதும் சொல்லி, இனி இப்படிக் கேட்பவர்களைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். கிராமத்து வீடுகளுக்கு முதல் போன் அழைப்பு அவருக்குத்தான் போகிறது, அவர் திருந்தினால் பல நாய்கள் பிழைக்கும். எப்படியும் சிகிச்சைச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், பில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த மருத்துவருக்கு அவை தேவைப்படும்.

இரவில் எங்கே போவது என்பதை இன்றைக்கே, பகலிலேயே, முடிவு செய்யுங்கள். உங்கள் மருத்துவரிடம் "இரவில் அழைத்தால் எடுப்பீர்களா, இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இரவில் பார்ப்பவர்கள் யார் என்று விசாரித்து இரண்டு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 1962 என்ற இலவச எண் கால்நடை ஆம்புலன்சுக்கானது. பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கே ஓடுகிறது என்பதால் இரவில் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கருங்கல், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் தூரம் குறைவு. எந்தப் பெரிய ஊருக்குப் புறப்படும் முன்பும் அருகில் உள்ளவரிடம் முதல் சிகிச்சை எடுத்துவிடுங்கள்.

கணவர் சொல்வதற்கு வருகிறேன். தொலைவில் இருப்பவருக்குப் போனில் கேட்ட செய்தி பயத்தைத் தந்திருக்கிறது, அதனால் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் நாயைக் கொடுத்துவிடுவது தீர்வாகாது. உங்கள் கடிதத்திலேயே, மூன்று வயதுப் பேரக் குழந்தை ஒன்று விடுமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்த நாற்காலியில் இருந்த உறையைக் குழந்தை எடுத்திருந்தால்? மாத்திரை வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மாமனார் அன்றிலிருந்து தன்னால்தான் என்று குமைந்து, மாத்திரையையே சரியாகப் போடுவதில்லை என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. அவரது சர்க்கரை ஏறிவிடக் கூடாது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா ஒன்றில் மாத்திரைகளைப் போட்டு, கதவுள்ள அலமாரியில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். கடையிலிருந்து வந்ததும் உறை நேராக அங்கே போக வேண்டும். வாரக் கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பா நாய்க்குக் கடிக்கும் பொம்மைதான், அதையும் மேலேயே வையுங்கள். கீழே விழுந்த மாத்திரையை அப்போதே தேடி எடுங்கள்.

ஜிம்மிக்கு இப்போது செய்ய வேண்டியது: பாதி வயிறு சாப்பிடுவது இரண்டு வாரத்துக்குப் பிறகும் தொடர்கிறது என்றால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனையை மறுபடி இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். வயிற்றுப் புண்ணுக்குத் தந்த மருந்துகளை நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம். காரம், எண்ணெய், மீன் குழம்புச் சோறு இப்போதைக்கு வேண்டாம். குழைந்த சோற்றில் வேகவைத்த கோழியோ முள் நீக்கிய மீனோ கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை வையுங்கள், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மலம் மறுபடி கறுத்தாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தாலோ, தண்ணீர் அதிகமாகக் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே போன் செய்யுங்கள்.